சுவத்துல தேடாதீங்க, தீப்பெட்டியில தேடுங்க!

செமஸ்டர் லீவு வருது. உங்க ஹாஸ்டல் ரூம்ல இந்நேரம் ஒரு பிளான் ஓடிக்கிட்டு இருக்கும். ஒரு பழைய வேன், பின்னாடி ரெண்டு மெத்தை, ஒரு குட்டி ஸ்டவ், வாசிக்கத் தெரியாட்டாலும் ஒரு கிடார். ரோடு போற பக்கம் போறது, கண்ணுல பட்ட சுவர் ஓவியத்தை எல்லாம் போட்டோ எடுக்குறது, ஊர்க்காரங்களோட அரட்டை, ராத்திரி வண்டியிலயே தூக்கம். கேட்கவே ஜில்லுனு இருக்குல்ல?

ஐடியா புதுசு இல்லை பாஸ். ஃபோக்ஸ்வாகன் கம்பெனி 1950-ல ஒரு வேன் இறக்குச்சு. அந்த வம்சத்து வண்டி பிரேசில்ல 2013 வரைக்கும் தயாராச்சு. அதுக்குள்ளயே குடித்தனம் நடத்தி நாடு நாடாச் சுத்தின கூட்டம் ஏராளம். நம்ம பக்கத்து வீட்டுக் கேரளா 2021-ல கேரவன் சுற்றுலாவுக்குன்னே ஒரு திட்டம் அறிவிச்சுருச்சு. சுவர் ஓவியத்துக்கும் நம்ம நாட்டுல பஞ்சமில்லை. டெல்லி லோதி காலனியில 2015-16-ல அரசுக் குடியிருப்புச் சுவர்கள் எல்லாம் ஓவியமா மாறுச்சு. சென்னை கண்ணகி நகர்ல 2020-ல மாடி உயரத்துக்குப் படங்கள் வந்துச்சு. நகரத்துக்குள்ள இருந்து பெயர்த்து எடுத்து ஓரமாக் குடிவைக்கப்பட்ட ஜனங்க வாழ்ற இடம் அது. ரெண்டையும் ஒரு தடவை பார்த்துருங்க.

ஆனா இந்த வாரம் உங்க வண்டியை இன்னும் தெக்கே திருப்பச் சொல்றேன். விருதுநகர் மாவட்டம், சிவகாசியை ஒட்டி இருக்குற விஸ்வநத்தம். பட்டாசும் தீப்பெட்டியும் அச்சகமும் சோறு போடுற வட்டாரம்.

போய் இறங்கினதும் கொஞ்சம் ஏமாந்து போவீங்க. மண்டையைப் பிளக்குற வெயில், கரிசல் மண், வேலிக்கருவை, வரிசையா லாரி. சுவர்ல கட்சிச் சின்னமும் சிமென்ட் விளம்பரமும். 'இங்கே என்னப்பா ஸ்ட்ரீட் ஆர்ட் இருக்கு?'னு ஒருத்தன் முனகுவான். அவனுக்கு இப்படிச் சொல்லுங்க: இந்த வட்டாரத்து ஓவியம் உள்ளூர்ச் சுவத்துல தங்குறது இல்லை. அச்சான கையோட லாரி ஏறிடும். இப்போ அது உங்க வீட்டு ஹால்ல ஆணியில தொங்கிக்கிட்டு இருக்கு.

பாக்கெட் சைஸ் கண்காட்சி

தெரு ஓவியம்னா என்ன? டிக்கெட் வாங்க வேண்டாம். போற வர்ற யாரும் பார்க்கலாம். படிச்சவர், படிக்காதவர் பேதம் கிடையாது. சரிதானே? இந்தக் கணக்குப்படி பாருங்க. டீக்கடையில தொங்குற லட்சுமி காலண்டர், தாத்தா மடியில இருந்து எடுக்குற தீப்பெட்டி லேபிள், தீபாவளி முடிஞ்ச காலையில தெரு முழுக்கக் கிடக்குற பட்டாசுக் காகிதம்... எல்லாமே தெரு ஓவியம்தான். கண்ணகி நகர் சுவரைப் பார்க்க நாம கண்ணகி நகருக்குப் போகணும். தீப்பெட்டி லேபிள் நம்மளைத் தேடி அடுப்படிக்கே வந்துடும்.

உங்க அப்பாகிட்ட கேட்டுப் பாருங்க. கீழே கிடக்குற தீப்பெட்டிப் படங்களைப் பொறுக்கிச் சேர்த்து, அதை வெச்சு விளையாடின தலைமுறை அவங்களோடது. கிரிக்கெட் வீரர் படம் போட்ட அட்டை எல்லாம் வர்றதுக்கு முன்னாடி பசங்களோட சொத்து அதுதான். படம் பார்க்கக் கத்துக்கிட்ட முதல் பள்ளிக்கூடமும் அதுதான்.

லேபிளுக்குன்னு வந்த அச்சு

இந்தக் காய்ஞ்ச பூமியில இவ்வளவு வண்ணம் எப்படி வந்துச்சு? மழையை நம்பி விவசாயம் பண்ண முடியாத ஊர். 1922-ல அய்ய நாடார், சண்முக நாடார்னு ரெண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினாங்க. தீப்பெட்டி செய்யுற வித்தையைக் கத்துக்கிட்டுத் திரும்பி வந்தாங்க. மழை இல்லாத வறண்ட காத்து விவசாயத்துக்குத்தான் எதிரி. குச்சி காய, மருந்து காய, அதைவிட நல்ல காத்து கிடைக்காது. ஊரோட சாபத்தையே ஊரோட முதலா மாத்தினாங்க. தீப்பெட்டிக்குப் பின்னாலயே பட்டாசு வந்துச்சு.

இங்கேதான் ஓவியம் நுழையுது. அந்தக் காலத்துல கடைக்கு வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு மேல எழுத்து தெரியாது. கம்பெனி பேரைச் சொல்லி யாரும் கேட்க மாட்டாங்க. 'சேவல் மார்க் குடுங்க'னுதான் கேட்பாங்க. காளீஸ்வரி பட்டாசுக்கு சேவல் அடையாளமானது மாதிரி, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு படம் தேவைப்பட்டுச்சு. பார்த்ததும் மனசுல ஒட்டணும். அஞ்சு அடி தள்ளி நின்னாலும் தெரியணும். இப்போ விஸ்காம் கிளாஸ்ல பிராண்டிங்னு பாடம் எடுக்குறாங்களே, அந்தப் பாடத்தைக் கரிசக்காட்டுல ரெண்டு அங்குலக் காகிதத்துல நடத்திக் காட்டினாங்க.

லேபிள் அடிக்க லித்தோ அச்சகம் வந்துச்சு. சுண்ணாம்புக் கல்லுல படத்தை வரைஞ்சு, அதுல மை ஏத்தி அச்சடிக்குற முறை அது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல். சிவப்புக் கல், மஞ்சள் கல், நீலக் கல்னு ஒண்ணு மேல ஒண்ணா, துளி விலகாம அச்சு விழணும். இந்தக் கை நுணுக்கம் ஒரு ஊருக்குள்ள வந்துட்ட பிறகு லேபிளோட நிக்குமா? காலண்டர், டைரி, நோட்டு, வாழ்த்து அட்டைன்னு பரவிருச்சு.

இன்னிக்கும் ஆடிப் பெருக்கு அன்னிக்குத்தான் அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளோட ஆல்பத்தை இங்கே வெளியிடுவாங்க. நமக்கெல்லாம் ஜனவரியில பிறக்குற புத்தாண்டு, சிவகாசிக்கு ஆடி 18-ல பிறந்துடும். வங்காளத்துக்காரர் வீட்டு துர்க்கையும் வடக்கே ஒருத்தர் கடையில இருக்குற கணபதியும் இந்த ஊர் மெஷின்ல உருண்டு போனதா இருக்கலாம். இந்தக் கடவுள் படங்களோட சந்தையைப் பத்தி கஜ்ரி ஜெயின்ங்கிற ஆராய்ச்சியாளர் 'காட்ஸ் இன் த பஜார்'னு ஒரு புத்தகமே எழுதியிருக்காங்க, 2007-ல. லைப்ரரியில இருந்தா எடுத்துப் பாருங்க. ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடுற ஆட்களுக்கு அதுல பத்து தலைப்பு இருக்கு.

ஸ்க்ரீன் வரைஞ்சவர் சாமி வரைஞ்சார்

விஸ்வநத்தத்துல இருந்து சாத்தூர் வழியா கோவில்பட்டிக்கு ஒரு ரவுண்டு போங்க. நாப்பது கிலோமீட்டர் சுமாருக்கு வரும். சாத்தூர்ல காராச்சேவு, கோவில்பட்டியில கடலைமிட்டாய். அந்தக் கடலைமிட்டாய் 2020-ல புவிசார் குறியீடு வாங்கின பெரிய மனுஷன், மரியாதையாச் சாப்பிடுங்க.

கோவில்பட்டியில வாழ்ந்தவர்தான் சி. கொண்டையராஜு. 1898-ல பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில படிச்சவர், திருவண்ணாமலை ரமணாசிரமத்துல கொஞ்ச காலம் இருந்தவர். அப்புறம் நாடகக் கம்பெனிக்கு ஸ்க்ரீன் வரையுற வேலை. அரண்மனை, காடு, தர்பார்னு மேடைக்குப் பின்னாடி தொங்குமே, அந்தத் திரைகள். ஊர் ஊராப் போன அந்த நாடகக் குழு 1940-கள்ல கோவில்பட்டியில கலைஞ்சு போச்சு. கம்பெனி போயிருச்சு, ஓவியர் தங்கிட்டார். யோசிச்சுப் பாருங்க, வண்டியில ஊர் ஊராப் போய் படம் போட்ட ஒரு மனுஷர், வண்டி நின்ன ஊர்லயே வேர் விட்டுட்டார்.

பக்கத்துலயே சிவகாசி அச்சகங்கள். அவரோட சாமி படங்கள் காலண்டராகி நாடு முழுக்கப் போச்சு. நம்ம வீட்டு லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் பின்னாடி ஒரு தாமரைக் குளம், தூண், திரைச்சீலை, தூரத்துல மலை இருக்குமே, கவனிச்சிருக்கீங்களா? அது நாடக மேடை. ஸ்க்ரீன் வரைஞ்ச கை, சாமிக்கும் ஒரு ஸ்க்ரீன் போட்டுக் குடுத்துருச்சு. டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் மாதிரி சீடர்கள் அவர் வழியில வந்தாங்க. 1976-ல அவர் மறைஞ்சார். அவர் படத்தைத் தினமும் கும்பிடுற லட்சக்கணக்கான வீடுகள்ல அவர் பேர் தெரிஞ்ச வீடு எத்தனை?

லேபிள் வரைஞ்சவங்க நிலைமை இன்னும் மோசம். கொண்டையராஜுவுக்காவது காலண்டர் ஓரத்துல கையெழுத்துப் போட இடம் இருந்துச்சு. தீப்பெட்டியில கம்பெனி பேருக்கே இடம் பத்தாது. நூறு கோடிப் பேர் பார்த்த படத்தை வரைஞ்ச ஆளோட பேர் எங்கேயும் இல்லை. லண்டன்ல பேங்க்ஸினு ஒரு தெரு ஓவியர் முகத்தை மறைச்சே உலகப் புகழ் வாங்கினார். இங்கே யாரும் மறைச்சுக்கலை. நாம கேட்கவே இல்லை, அவ்வளவுதான்.

சிரிக்கிற குழந்தை

இப்போ கொஞ்சம் சீரியஸ். பட்டாசுப் பெட்டியில ஒரு குழந்தை கம்பி மத்தாப்பைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கும், பார்த்திருப்பீங்க. ஒரு காலத்துல இதே வட்டாரத்துல அந்த லேபிளை ஒட்டின கையும் ஒரு குழந்தையோடதா இருந்துச்சு. விடியுறதுக்கு முன்னாடி வேன் வந்து கிராமத்துல இருந்து பிள்ளைகளைத் தூக்கத்தோட ஏத்திக்கிட்டுப் போன காலம் அது. 1990-ல சலம் பென்னுர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் அவங்களைப் பத்தினதுதான். 1996 டிசம்பர்ல எம்.சி. மேத்தா வழக்குல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லுச்சு: ஆபத்தான வேலையில வெச்ச ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டணும், அந்தப் பணம் அந்தக் குழந்தையோட நலனுக்குப் போகணும். அந்த வழக்கு கிளம்பினதே சிவகாசியை வெச்சுத்தான். 2016-ல சட்டம் இன்னும் இறுகுச்சு. ஆபத்தான தொழில்ல 18 வயசுக்குக் கீழே யாரும் கூடாது.

நாம பார்க்குற படத்துக்கும், அதை ஒட்டின கைக்கும் நடுவுல இவ்வளவு தூரம் இருந்திருக்கு. அதனாலதான் சொல்றேன். படத்தை மட்டும் ரசிச்சுட்டுத் திரும்பினா பாதி ஊரைத்தான் பார்த்திருக்கீங்க. படத்துக்குப் பின்னாடி இருக்குற ஆளையும் பார்த்துட்டு வாங்க.

ஆளைப் பார்க்குறது எப்படி?

முதல் விஷயம், ஆலை வாசல்ல போய் நிக்காதீங்க. டீக்கடை, பஸ் ஸ்டாப், அச்சகத்து வாசல், இதுதான் பேச்சுக்கு ஏத்த இடம். 'அண்ணாச்சி, ஒரு டீ'னு உட்கார்ந்தீங்கன்னா, 'எந்த ஊரு தம்பி?'னு அவங்களே ஆரம்பிப்பாங்க.

ரெண்டாவது, கேள்வி. 'உயிரைப் பணயம் வெச்சு வேலை பார்க்குறீங்களே, பயமா இல்லையா?'னு எடுத்த எடுப்புல கேட்காதீங்க. காலையில சோத்துச் சட்டியைத் தூக்கிக்கிட்டு அந்த வேலைக்குத்தான் அந்த அக்கா திரும்பவும் போகணும். 'தீப்பெட்டி ஆபீஸ்ல என்ன வேலைக்கா பார்த்தீங்க?'னு கேளுங்க. இங்கே ஆலையை ஆபீஸ்னுதான் சொல்வாங்க. கட்டை அடுக்குனதா, பெட்டி ஒட்டுனதா, ஒரு நாளைக்கு எத்தனைன்னு அவங்களே விரல் விட்டுச் சொல்வாங்க. வேலையைப் பத்திக் கேட்டா மனுஷங்க நிமிர்ந்து உட்கார்ந்து பேசுவாங்க. பரிதாபப்பட்டுக் கேட்டா எழுந்து போயிடுவாங்க.

மூணாவது, அச்சகத்துல வயசான ஆள் யாராவது இருந்தா விடாதீங்க. கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி எப்படி நிறம் பிரிச்சாங்க, பிரஷ்ஷால எப்படி டச் பண்ணினாங்கன்னு கேளுங்க. ஃப்ளெக்ஸ் வந்து சுவர் எழுதுறவங்க பிரஷ்ஷைப் பிடுங்கின மாதிரி, மவுஸ் வந்து இவங்க பிரஷ்ஷைப் பிடுங்குச்சு. அந்தக் கை வேலை தெரிஞ்சவங்க இப்போ பேச்சுல மட்டும்தான் மிச்சம் இருக்காங்க. அதைப் பதிவு பண்ண ஒரு செல்போன் போதும். அனுமதி கேட்டுட்டு ஆன் பண்ணுங்க. வேண்டாம்னா உள்ளே வெச்சுட்டுக் காதைத் திறங்க.

வண்டிக்கு நாலு கண்டிஷன்

கேம்பர் வேன் ஆட்களே, இது உங்களுக்கு. வேற எந்த ஊர்ல மறந்தாலும் இந்த ஊர்ல மறக்கக் கூடாது.

ஒண்ணு: ஸ்டவ்வைப் பத்த வைக்காதீங்க. ஆலைகள் தள்ளித் தள்ளி, காட்டுக்குள்ள சின்னச் சின்ன அறைகளா இருக்கும். ஒண்ணு வெடிச்சா அடுத்தது தப்பிக்கணும்னு அந்த இடைவெளி. ஒரு அறைக்குள்ள நாலு பேருக்கு மேல உட்காரக் கூடாதுன்னு விதி இருக்கு. தீப்பெட்டி, பீடி, செல்போனுக்கு எல்லாம் வாசல்லயே தடை. அப்படிப்பட்ட இடத்துக்கு வெளியே நிழல் நல்லாருக்குன்னு வண்டியை நிறுத்தி மேகி கிண்டுறது ரசனை கிடையாது. சாப்பாட்டைக் கடையில முடிச்சுக்குங்க. விருதுநகர் எண்ணெய் பரோட்டா இருக்கும்போது மேகி எதுக்கு?

ரெண்டு: ராத்திரி தங்குறது ஊருக்குள்ள. லாட்ஜ் பார்க்கிங், மண்டப வாசல்னு கேட்டுட்டு நிறுத்துங்க. ஆள் இல்லாத காட்டு ரோட்டோரத்துல இருக்குற கட்டடம் வெடி குடோனா இருக்கலாம்.

மூணு: எங்கேயாவது புகை தெரிஞ்சா, சத்தம் கேட்டா, அந்தப் பக்கம் போகவே போகாதீங்க. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டி ஆலையில தீப்பிடிச்சப்போ 30-க்கும் மேற்பட்டவங்க செத்துப்போனாங்க. அதுல நிறையப் பேர் அங்கே வேலை பார்த்தவங்களே கிடையாது. என்னன்னு பார்க்கவும் காப்பாத்தவும் ஓடிவந்த அக்கம்பக்கத்து ஜனங்க. முதல் வெடியைக் கேட்டு ஓடி வந்தவங்களை அடுத்த வெடி அடிச்சுருச்சு. வண்டியைத் திருப்பி, தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போடுங்க. வீடியோ எடுக்க ஒருத்தர் கூட இறங்கக் கூடாது.

நாலு: வண்டியே சட்டப்படி இருக்கணும். பழைய ஆம்னியை வாங்கி சீட்டைக் கழட்டி கட்டில் போட்டுடலாம்னு நினைக்காதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி குடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்த முடியாது. காசைப் பிரிச்சு முறையா ஒரு டெம்போ டிராவலரை வாடகைக்கு எடுங்க. தூக்கம் லாட்ஜ்ல, ஊர் சுத்தல் வண்டியில. கிடாருக்கு எந்தத் தடையும் இல்லை.

ரெண்டு ரூபாய்

தீப்பெட்டி விலை 2007-ல 50 காசுல இருந்து ஒரு ரூபாய் ஆச்சு. அடுத்த ஒரு ரூபாய் ஏறுறதுக்கு 2021 டிசம்பர் வரைக்கும், 14 வருஷம் ஆச்சு. அந்தப் பதினாலு வருஷத்துல உங்க கேன்டீன் டீ எத்தனை தடவை ஏறுச்சுன்னு எண்ணிப் பாருங்க. பட்டாசுப் பக்கம் பார்த்தா, 2018 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் சரவெடிக்கும் பேரியத்துக்கும் தடை போட்டு, பசுமைப் பட்டாசு மட்டும்தான்னு சொல்லிருச்சு. டெல்லியில மூச்சு முட்டுற குழந்தைக்கு அந்தத் தீர்ப்பு தேவை. சரம் பின்னியே பிழைச்ச குடும்பத்துக்கு மாத்து வேலை தேவை. ரெண்டும் நியாயம். காலேஜ் பட்டிமன்றத்துல 'பட்டாசு வேணுமா வேண்டாமா'னு ஒரு பக்கமா நின்னு கைத்தட்டல் வாங்கறது சுலபம். இந்த ஊர் டீக்கடையில அரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்த ஆளுக்கு அந்தப் பேச்சு தொண்டையில சிக்கும். சிக்கட்டும். பயணம் போறதே அதுக்குத்தானே?

அதனால, லீவுக்கு முன்னாடி ஒரு சின்ன ஹோம்வொர்க். காசு செலவே இல்லை. உங்க ஊர்லயே செய்யலாம். வீட்டுல இருக்குற காலண்டர், தீப்பெட்டி, பழைய பட்டாசு டப்பா மூணையும் எடுங்க. படத்தை நிதானமாப் பாருங்க. அடியில பொடி எழுத்துல ஊர் பேர் இருக்கான்னு தேடுங்க. வரைஞ்சவர் கையெழுத்து இருக்கான்னு பாருங்க. கம்பெனி பேர் கிடைக்கும், அநேகமா ஊர் பேரும் கிடைக்கும். வரைஞ்சவர் பேர் கிடைக்காது.

அந்தப் பேரைத் தேடிக் கிளம்புங்க. விஸ்வநத்தத்துல வண்டியை நிறுத்துறதுக்கு அதைவிட நல்ல காரணம் கிடையாது. யாராவது ஒருத்தர் பேரும் கதையும் கிடைச்சா எழுதி அனுப்புங்க, இந்தப் பக்கத்துல அவருக்கு இடம் இருக்கு.

அடுத்த வாரம் வேற ரோடு, வேற ஊர். டேங்கை ஃபுல் பண்ணி வைங்க!